ரவைத் துப்பாக்கியின் குழலைத் திருத்தலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

களிமண் தட்டு சுடும் போட்டிகளில் பழகுவோரும், பரம்பரையாக வந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருப்போரும் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றி வந்தவற்றைத் தொகுத்திருக்கிறேன். எல்லாமே 12 போர் (குழலின் உள்விட்ட அளவைக் குறிக்கும் பெயர்) துப்பாக்கி பற்றியவை.

கேள்வி: தோட்டா அறைக்கு முன்னால் உள்ள கூம்பை நீட்டிவிட்டால் தோளில் விழும் உதை குறையும், ரவையும் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) சீராக விழும் என்கிறார்கள். உண்மையா?

தோட்டா அமரும் அறை அகலமானது; அதற்கு அடுத்த குழலோ ஏட்டளவில் 18.5 மி.மீ. விட்டம் மட்டுமே கொண்டது. இவ்விரண்டையும் இணைக்கும் சரிவைத்தான் கூம்பு என்கிறோம். ரவைக்கும் வெடிமருந்துக்கும் இடையில் நார் அட்டையும் கம்பளி வில்லையும் வைத்த காலத்தில், கூம்பு நீளமாக இருந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும் என்பதால் அதைக் குட்டையாகவே வைத்தார்கள். தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் இன்றைய பிளாஸ்டிக் கிண்ணம் விரிந்து அடைத்துக்கொள்வதால் நீண்ட கூம்பினால் கெடுதல் இல்லை. ஆனால் ரவை நசுங்காமல் காப்பதும் அதே கிண்ணம்தான் என்பதால், கூம்பு செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. என் சொந்தத் துப்பாக்கியில் இதைச் செய்து பார்த்தேன். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் தாளில் சுட்டு ரவைத் துளைகளை எண்ணியபோது, ஒரே பெட்டியில் வந்த இரண்டு தோட்டாக்களுக்கு இடையே இருந்த வேறுபாடு, திருத்தத்தால் வந்த வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தது. உதை சற்று மென்மையானதாகத் தோன்றியது உண்மை. பணம் கொடுத்தவனுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: குழல் முழுவதையும் உள்ளே குடைந்து அகலப்படுத்துவது பயன் தருமா?

பிரௌனிங் நிறுவனம் ஏறத்தாழ 18.85 மி.மீ. விட்டத்தில் குடைந்த குழல்களோடே துப்பாக்கிகளை விற்கிறது. ஆனால் அக்குழல்களின் சுவர்த் தடிமன் அந்த அளவுக்கென்றே வகுக்கப்பட்டது. சாதாரண விட்டத்தில் செய்த குழலைப் பின்னாளில் குடையும்போது சுரண்டி எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. பிரிட்டனில் 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்கள் மிகை அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரையிட்ட குழல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அகன்றுவிட்டால், மறுசோதனையின்றி அதை விற்கவே கூடாது. குடைந்தால் முன்பக்கம் எடை குறைந்து துப்பாக்கி வேகமாகத் திரும்பும் என்பது மெய்யே. ஆனால் டிராப் (விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் போட்டி வகை) சுடுபவருக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது; 30 அல்லது 32 அங்குலக் குழலை அவர்கள் விரும்புவதே அது நிதானமாக நகர வேண்டும் என்பதற்காகத்தான்.

கேள்வி: குழல் வாயருகே துளைகள் இடலாமா?

வேண்டாம். ரைஃபிளில் குண்டு வெளியேறும்போது வாயில் எஞ்சியிருக்கும் வாயு அழுத்தம் மிக அதிகம்; ரவைத் துப்பாக்கியில் மிகக் குறைவு. பன்னாட்டுப் போட்டிகளில் அனுமதிக்கப்படும் 24 கிராம் ரவை கொண்ட தோட்டாவில் துளைகள் செய்யக்கூடியது சொற்பமே. பக்கத்து நிலையில் நிற்பவரின் காதுக்கு ஓசை கூடும், துளைக்குள் பிளாஸ்டிக் கரி அடையும்.

கேள்வி: தாத்தாவின் 30 அங்குல இரட்டைக் குழலைக் கையாள எளிதாக இருக்க வெட்டிக் குறுக்கலாமா?

கூடாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அதற்கென உரிமம் பெறாமல் குழலைக் குறுக்குவது குற்றம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. அமெரிக்காவிலும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலைத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும் இதில் இழப்பே மிச்சம். ரவையை ஒன்றாகப் பிடித்து அனுப்பும் சோக் என்ற ஒடுக்கம் வாயிலிருந்து சில அங்குலத்துக்குள்ளேயே இருப்பதால் முதல் வெட்டிலேயே அது போய்விடும். இரு குழல்களையும் ஈயப் பற்றால் இணைத்திருக்கும் நடுப்பட்டையும் அங்கிருந்து பிரியத் தொடங்கும்.

கேள்வி: பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியின் அறை நீளம் 65 மி.மீ. தான்; ஆனால் 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே சிக்கலின்றி நுழைகிறது. அறையை நீட்டிக்கொள்ளலாமா?

நுழைகிறது என்பதுதான் இதில் ஆபத்து. தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் வாய் மடிப்பு விரிந்தபின் உள்ள நீளம். மடித்த நிலையில் அது குட்டையாக இருப்பதால் அறையில் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது. சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் கூம்புக்குள் நீட்டிக்கொள்வதால் அழுத்தம் எகிறும். அறையை நீட்டுவது இதற்குத் தீர்வு போலத் தெரிந்தாலும், குழல் எங்கே அதிகச் சுமை தாங்குகிறதோ அங்கேயே சுவரை மெலியச் செய்கிறது. முறையாகத் தடிமன் அளந்து, மறுசோதனைக்கு உட்படுத்த வழியில்லையென்றால் 65 மி.மீ. தோட்டாவையே தேடி வாங்குங்கள். எஃகை முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல் என்றால் அறையைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எதற்குத்தான் செலவிடுவது?

தாளுக்கும் தோட்டாவுக்கும். ஏறத்தாழ நான்கு அடிச் சதுரத் தாளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, 40 கஜ தூரத்திலிருந்து ஒரு முறை சுட்டு, ரவை செறிந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, துளைகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே எண்ண வேண்டும். 24 கிராமில் ஏழரை எண் அளவுள்ள ரவை ஏறக்குறைய 300 இருக்கும். ஒடுக்கமே இல்லாத குழலில் அவற்றில் 40 விழுக்காடும், பாதிச் சோக்கில் 60ம், முழுச் சோக்கில் 70ம் வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பத்துத் தாள்கள் எண்ணுவதற்குள் முதுகு வலிக்கும், பொறுமையும் போகும். ஆனால் மூன்று வகைத் தோட்டாக்களை இப்படிச் சோதித்தவர்களில் பெரும்பாலோர், குழலைத் திருத்தித் தேட நினைத்த மாற்றத்தைத் தோட்டாவை மாற்றியதிலேயே கண்டிருக்கிறார்கள். திருகி மாற்றும் சோக் உள்ள துப்பாக்கியானால் ஒரு படி தளர்த்தியோ இறுக்கியோ மறுபடி எண்ணிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழையதையே திருகிக்கொள்ளலாம். அதன் பின்னும் குழலில்தான் குறை என்று உறுதியானால், எண்ணிய தாள்களையும் எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் செல்லுங்கள். சுவர்த் தடிமனை அளக்கும் கருவியை வெளியே எடுக்காமலேயே அவர் விலை பேசத் தொடங்கினால், துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுங்கள்.