ஸ்கேனரில் விமானி பேசுவார், செல்போன் பேசாது

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் ஒரு ரேடியோ ஸ்கேனர் (பல அலைவரிசைகளையும் தேடிக் கேட்கும் கருவி) கொடுத்துவிட்டுப் போனான். முகப்பில் வைத்தாலும் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வைத்தாலும் கரகரப்புதான். விமானம், போலீஸ், செல்போன் பேச்சு எல்லாம் கேட்கும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: செல்போன் பேச்சுக்கே இடமில்லை. நம் நாட்டில் 1995இல் செல்போன் வந்தபோதே டிஜிட்டலாகத்தான் வந்தது. பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டுப் போவதால் ஸ்கேனருக்கு அது வெறும் இரைச்சல். 'கேட்கும்' என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

போலீஸ் வயர்லெஸ்ஸும் குறியாக்கம் சேர்ந்துவிட்ட இடங்களில் அப்படித்தான். பழைய முறையில் திறந்தபடி பேசினால் கருவியில் விழும். விழுகிறதே என்று கேட்டுவிடக் கூடாது. பிறர் தகவலைச் சட்டவிரோதமாக இடைமறித்தால், 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விமானம்தான் சுவாரசியமானது. விமானிகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்றும் ஏ.எம். முறையில் பேசுகிறார்கள். உங்கள் ஸ்கேனர் எஃப்.எம்.மில் நின்றால் குரல் தெளியாது. மோடை (முறையை) ஏ.எம்.முக்கு மாற்றிப் பாருங்கள். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் சுமார் 400 கிலோமீட்டர் வரை 'தெரியும்'. திருச்சி விமான நிலையக் கோபுரமோ உங்களிடமிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் வளைவே மறைத்துவிடும். அதனால் விமானி பதில் சொல்வது கேட்கும், கோபுரத்தில் இருப்பவர் கேட்ட கேள்வி கேட்காது. போனில் ஒரு பக்கப் பேச்சைக் கேட்பது போலத்தான். கருவியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

தொண்டிப் பக்கம் கடலில் 156.8 மெகாஹெர்ட்ஸில் பேசுவதும் இதே காரணத்தால் உங்களுக்கு எட்டாது. சர்வதேச விண்வெளி நிலையம் அப்படியில்லை. தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள், ஒலிபரப்பு இருந்தால், 145.800இல் எஃப்.எம்.மில் நன்றாகவே விழும்.

சரி, கரகரப்புக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனத்த சுவர்களுக்கு நடுவே சிக்னல் பாதி செத்துவிடும். மீதியை இன்வெர்ட்டரும் மலிவு எல்.இ.டி. பல்புகளும் கெடுக்கும். ஒருமுறை மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, ஸ்கேனரை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். அப்புறம், பேச்சில்லாத நேரத்து இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் இடம் வரை மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் போனால் மெல்லிய குரலும் அடைபடும். விலை உயர்ந்த கருவியைவிட உயரத்தில் வைத்த ஏரியலே பலன் தரும். விமான அலைவரிசைக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் கம்பி, மொட்டை மாடியில் செங்குத்தாக. அங்கிருந்து கீழே கோஆக்சியல் கேபிள் (டிவிக்கு வரும் கேபிள் போன்றது).

கம்பி வாங்குமுன் ஒன்று: ரேடியோ கருவியை வைத்திருக்கவே அனுமதி தேவை என்கிறது அதே சட்டம். வீட்டு எஃப்.எம். பெட்டி மாதிரி இதை எண்ண வேண்டாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் விசாரியுங்கள். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) தேர்வு எழுதி உரிமம் வாங்குவது என் சிபாரிசு. 12 வயதானாலே எழுதலாம், பேரன் பேத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் இடி இறங்கும் நாட்களில், மழை தொடங்குமுன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.