வாழ்த்து அட்டையில் மைக்கா பவுடர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பொங்கல் வாழ்த்து அட்டையில் மைக்கா பவுடரைத் தண்ணீரில் குழைத்துக் கோலம் வரைந்தேன். காய்ந்த பிறகு தொட்டால் கையெல்லாம் மினுமினுப்பு. பவுடர் போலியா?

ப: பவுடர் மேல் பழி போடாதீர்கள். மைக்கா என்பது அப்பிரகக் கல்லின் பொடி. தண்ணீரில் கரையாது, தானாக ஒட்டவும் செய்யாது. நாலு பங்கு பவுடருக்கு ஒரு பங்கு கம் அரபிக் என்னும் மரப்பிசின் தூள் சேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, நீர்மோர் பதத்தில் குழையுங்கள். காய்ந்ததும் ஓர் ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். இன்னும் கையோடு வந்தால் பிசின் போதவில்லை. பர்ஃபெக்ட் பேர்ல்ஸ் போன்ற சில பிராண்டுகளில் பிசின் கலந்தே வரும், தண்ணீர் மட்டும் போதும். பேர்ல் எக்ஸில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

கே: டப்பாவில் நீலமாகப் பளபளத்த பவுடர் வெள்ளை அட்டையில் காணாமலே போய்விட்டது. ஏன்?

ப: நீங்கள் வாங்கியது 'இன்டர்ஃபியரன்ஸ்' வகை. அதில் சாயமே கிடையாது. அப்பிரகத் துகள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால்தான் நிறம் பிறக்கிறது. படலத்தின் தடிமனை மாற்றினால் அதே பொருள் தங்கமாகும், சிவப்பாகும், நீலமாகும், பச்சையாகும். வெள்ளை அட்டையில், துகளை ஊடுருவிப் போன மீதி ஒளியும் திரும்பி வந்து அந்த நிறத்தை அமுக்கிவிடுகிறது. கறுப்பு அட்டை அந்த மீதியை விழுங்கிக்கொள்ளும். அதே பவுடரைக் கறுப்பிலோ கருநீலத்திலோ தடவி, ஜன்னலோரம் சாய்த்துப் பாருங்கள், மயில் கழுத்து தெரியும். வெள்ளை அட்டைதான் வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு பூசிய தங்கம், செம்பு நிறங்களை எடுங்கள். அவற்றுக்குச் சொந்த நிறம் உண்டு.

கே: ரப்பர் ஸ்டாம்ப் பதித்து மேலே பவுடர் தடவினால் அட்டை முழுக்க ஒட்டிக்கொள்கிறது.

ப: கை எண்ணெயும் அட்டையில் ஏறிய நிலைமின்சாரமும்தான் காரணம். முதலில் டால்கம் பவுடரைத் துணியில் எடுத்து லேசாக ஒற்றித் துடைத்துவிடுங்கள். பிறகு வெர்சாமார்க் போன்ற பிசுபிசுப்பான நிறமற்ற மையில் பதியுங்கள். மென்மையான பிரஷ்ஷால் மைக்காவைத் தட்டித் தட்டி வையுங்கள், இழுக்காதீர்கள். மிச்சத்தைச் சுத்தமான உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிடலாம்.

கே: எட்டு வயது மகளோடு செய்யலாமா?

ப: உலர்ந்த பவுடரைக் கையாளும் வேலை உங்களுடையது. மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுக் குழையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குழைத்த பெயின்ட்டை மகளிடம் தாராளமாகக் கொடுங்கள்.

கே: மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்கிறார்களாமே?

ப: உண்மைதான், மனசைப் பிசையும் உண்மை. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கம் அனுமதியில்லாத குழிகளில் பிள்ளைகள் அப்பிரகம் பொறுக்குகிறார்கள். 2016-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் விசாரணை, இரண்டே மாதங்களில் ஏழு பிள்ளைகள் மைக்கா சுரங்கங்களில் இறந்ததையும் அது மூடி மறைக்கப்பட்டதையும் வெளியே கொண்டுவந்தது. எது எங்கே தோண்டியது என்று சில்லறைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. அதனால் நான் சிபாரிசு செய்வது உலையில் உருக்கித் தயாரிக்கும் சிந்தெடிக் மைக்கா. டப்பாவில் 'சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட்' என்று இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் மினுமினுப்பும் இன்னும் தெளிவாக இருக்கும்.

கே: தபாலில் அனுப்பினால் உதிராதா?

ப: ஓவியர்கள் அடிக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்பிரேயை ஓரடி தள்ளிப் பிடித்து, மொட்டை மாடியில் வைத்து மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். பளபளப்பு கொஞ்சம் குறையும். உள்ளே ஒரு பட்டர் பேப்பர் வைத்துக் கவரை ஒட்டுங்கள்.