லூப் பெடல் வாங்கியே ஆக வேண்டுமா?

கேள்வி: இரண்டு வயலின், ஒரு கிட்டார், ஒரு கஞ்சிரா என்று நாங்கள் நான்கு பேர். கல்லூரி விழாவில், சின்னத் துணுக்குகள் திரும்பத் திரும்பச் சுழன்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் இசையை வாசிக்க ஆசை. லூப் பெடலும் (வாசித்த துணுக்கைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும், காலால் இயக்கும் கருவி) பிக்கப்பும் (வாத்திய ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) இல்லாமல் நடக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: விற்கிறவர் வேறென்ன சொல்வார்! பெடல், கூட வாசிக்க ஆள் இல்லாதவருக்கு. நீங்கள்தான் நான்கு பேர் இருக்கிறீர்களே. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972-இல் இரண்டு பேரின் கைதட்டலை மட்டும் வைத்தே இப்படியொரு படைப்பைச் செய்தார். ஒருவர் 12 தட்டுச் சுழலில் அப்படியே நிற்பார். மற்றவர் அதே சுழலை ஒவ்வொரு தட்டாக நகர்த்திக்கொண்டே போவார்.

மோகன ராகம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதி தாளம். அந்த ஐந்து ஸ்வரங்களில் எது எதோடு மோதினாலும் காதில் குத்தாது. ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 8 அட்சரம்; அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32 மாத்திரை. கஞ்சிரா சமத்தை (சுற்றின் முதல் தட்டை) அழுத்திக் காட்டட்டும். கிட்டார் 4 மாத்திரைத் துணுக்கு, முதல் வயலின் 3 (க ப த), இரண்டாம் வயலின் கீழே மந்திர ஸ்தாயியில் 5 (ச ரி ச ப, ஒரு மாத்திரை மௌனம்). ஒவ்வொருவராகச் சமத்தில் நுழையுங்கள். நுழைந்தபின் துணுக்கை மாற்றவே கூடாது. அழகாக இருக்கிறதே என்று ஒரு கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) போட்டால் போச்சு. மூன்று ஆவர்த்தனம் கழித்துத்தான் 3 சமத்தில் விழும், ஐந்து கழித்து 5. எல்லோரும் சேர 15 ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் ஒன்றரை நிமிடம்.

ஒன்று கவனம், தாளத்தை மாற்றாதீர்கள். ரூபக தாளத்தில் 12 மாத்திரைதான். 3 அதில் கச்சிதமாக அடங்கி ஒவ்வொரு சுற்றிலும் சமத்திலேயே தொடங்கும், நகராது. ஆதியையே திஸ்ர நடையில் (அட்சரத்துக்கு 3 மாத்திரை) போட்டால் 24. அங்கும் 3 நகராது. கிட்டாரின் 4-உம் எங்கும் நகராதுதான், ஆனால் அது வேண்டுமென்றே வைத்தது: ஒருவராவது நின்றால்தான் மற்றவர் நகர்வது தெரியும்.

‘அரேஞ்ச் செய்து தருகிறேன்’ என்று நோட்டேஷன் விற்க வருவார்கள். மேலே மோகனம் பற்றிச் சொன்ன பத்தியைத்தான் விற்பார்கள். வருடக்கணக்கில் இசை படித்தவருக்கும் இது புதிதாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் தனியாக வாசிப்பதற்கே மார்க் போடும் நம் தேர்வுகள்.

கடைசி ஆபத்து, மைக் செட்காரர். கேட்காமலே எக்கோ போடுவார். 3-உம் 5-உம் குழைந்து கூழாகிவிடும். ஒத்திகையிலேயே அணைக்கச் சொல்லுங்கள். மேடை ஏறும்முன் இன்னொரு தடவை சரிபாருங்கள், மறுபடி போட்டிருப்பார்.