வீடு விற்கும் முன் எதைச் சரிசெய்வது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாம்பரத்தில் 18 வருடப் பழைய தனி வீடு. படுக்கையறைச் சுவரின் அடியில் 2 அடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. “அந்தச் சுவருக்கு மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்” என்கிறார் தரகர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஈரச் சுவரின் மேல் அடித்த எமல்ஷன், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் கிளம்பும். முதல் தடவை வந்து பார்த்தவர், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பொறியாளரையோ கொத்தனாரையோ அழைத்துக்கொண்டு இரண்டாம் தடவை வருவார். சரியாக அந்த நேரத்தில்தான் சுவர் காட்டிக்கொடுக்கும். அதோடு, நான்கு சுவரில் ஒன்று மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் வீடு பார்க்க வருபவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயிலோ ஃப்ளஷ் தொட்டியிலோ கசிவு இருக்கிறது. இறங்கவில்லை என்றால், குளியலறையின் நகானி டிராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) துணி வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஓதம் கூடினால் குற்றம் தரை டைல்ஸ் இணைப்புகளிலோ டிராப்பைச் சுற்றியோ இருக்கிறது. இரண்டு சோதனையிலும் எதுவும் தெரியாவிட்டால் அஸ்திவாரத்திலிருந்து நிலத்தடி ஈரம் ஏறுகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கான வேலை வேறு. அனுபவமுள்ள ஒருவரை நேரில் அழைத்துக் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

டைல்ஸ் இணைப்புதான் என்றால் பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்சி க்ரௌட் நிரப்புங்கள். படுக்கையறைப் பக்கம், ஓதம் தெரியும் இடத்தைத் தாண்டி ஓர் அடி வரை பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல்லில் பூத்திருக்கும் உப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்து உதிர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பிறகு ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல், 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி நீர்த்தடுப்புத் திரவம் சேர்த்துப் பூசி, 7 நாள் நனையுங்கள்.

அதற்கு மேல் பொறுமை வேண்டும். குறைந்தது மூன்று நான்கு வாரம் சுவர் காய வேண்டும். ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த பின் இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், அறை முழுவதற்கும். அடிக்க வேண்டிய பரப்பு, கூரையையும் சேர்த்து, தரைப் பரப்பைப் போல் மூன்று முதல் மூன்றரை மடங்கு வரும் என்று வைத்துக்கொண்டு பெயின்ட் வாங்குங்கள். வெளிர் நிறம் போதும்.

ஆக, இந்த வேலைக்கே இரண்டு மாதம் ஆகும். விளம்பரம் கொடுக்கும் தேதியை அதற்கேற்பத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கோவையில் 1992-இல் கட்டிய வீடு, மொசைக் தரை. விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு, சமையலறையை மாடுலராக மாற்றினால் நல்ல விலை வருமா?

பதில்: போட்ட பணம் திரும்புவது சந்தேகம். டைல்ஸ் நிறமும் அலமாரி அமைப்பும் வாங்குபவரின் ரசனை. நீங்கள் தேர்ந்தெடுத்ததை அவர் பெயர்த்துப் போடக்கூடும். மொசைக்கின் மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரைமட்டம் உயர்ந்து, எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டியிருக்கும்.

மொசைக்குக்கு மெஷின் பாலிஷ் போதும். சொரசொரப்பான கல்லில் ஆரம்பித்து, ஊசித் துளைகளைத் தரையின் நிறத்துக்கு ஏற்ற வெள்ளை சிமென்ட் பசையால் அடைத்துக் காயவிட்டு, படிப்படியாக மென்மையான கல்லுக்குப் போய், கடைசியில் ஆக்சாலிக் அமிலத் தூளால் மெருகேற்றுவார்கள். இரண்டு விஷயத்தை மட்டும் கூடவே நின்று பாருங்கள். பாலிஷ் சகதியைக் குளியலறை டிராப்பில் தள்ள விடாதீர்கள், உள்ளே இறுகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். சாக்கில் அள்ளி வெளியேற்றச் சொல்லுங்கள். அடுத்தது, பாலிஷ் முடிந்த பிறகே கடைசிக் கோட் பெயின்ட். இல்லையென்றால் சுவரின் அடியெல்லாம் சகதி தெறித்துக் கிடக்கும்.

சமையலறையில் பழைய குழாயை மாற்றுங்கள், தொங்கும் கதவின் கீலை மாற்றுங்கள், சிங்க்கைச் சுற்றிக் கறுத்துப்போன சிலிக்கானைச் சுரண்டிப் புதிதாகப் போடுங்கள். உப்புத் தண்ணீர்க் கறைக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் டைல்ஸும் குழாயும் பளிச்சென்று ஆகும். மொசைக்கில் மட்டும் இது படக்கூடாது. அதிலுள்ள சலவைக்கல் சில்லுகளை அமிலம் அரித்து மங்கலாக்கிவிடும். கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். குழாயின் பூச்சும் டைல்ஸ் இணைப்பும் சேர்ந்தே போய்விடும்.

கேள்வி: மதுரையில் அப்பா அம்மா இருந்த வீடு. இருவரும் காலமாகி, ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. திறந்தாலே நாற்றம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிராப்புகள்தான். அவற்றில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. வருடக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. கழிப்பறைகளை ஃப்ளஷ் செய்யுங்கள்.

தொட்டியிலும் சம்ப்பிலும் வண்டலை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஓர் இரவு வைத்திருந்து வெளியேற்றுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். சம்ப்பில் ஆள் இறங்குவதானால் மூடியை முன்கூட்டியே திறந்து வைத்துக் காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். வெளியே வைத்த மோட்டார் இறுகியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றி விட்ட பிறகே சுவிட்சைப் போடுங்கள். நேராகப் போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோகும்.

வாசக்கால்களில் கரையானின் மண்கோடு தெரிகிறதா, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கரையான் புற்றைத் தட்டிவிடுவது மட்டும் மருத்துவம் ஆகாது. சுவர் ஓரமாக ஓர் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாங்குபவர் கேட்பார்.

உங்கள் வீட்டில் இவற்றைவிட முக்கியம் காகிதம். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றம். இவை முடியாமல் வீட்டைக் காட்டத் தொடங்கினால், பிடித்துப்போய் வந்தவரும் காத்திருந்து காத்திருந்து வேறு வீடு பார்த்துவிடுவார். உயில் எதுவும் இல்லையென்றால் மணமான பெண்கள் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்பா என்றோ அடைத்த வங்கிக் கடனின் அடமானப் பதிவு இன்னும் அதில் நிற்கலாம். கடன் முடிந்ததற்கு வங்கியிடமிருந்து ரசீது ஆவணம் பெற்றுப் பதிவு செய்தால்தான் அது தீரும்.

மாலை போட்ட படங்களை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டாம். வெற்று அறை சிறியதாகத் தெரியும். ஓர் அறையில் கட்டிலும் கூடத்தில் இரண்டு நாற்காலியும் இருக்கட்டும்.

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் உள்ளே தண்ணீர் வந்தது. கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா?

பதில்: கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்வது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி விற்பவரின் கடமை. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்தால் எப்படியும் தெரிந்துவிடும். அப்படித் தெரிய வந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அவர் நம்ப மாட்டார்.

எத்தனை அடி வந்தது, எத்தனை நாள் நின்றது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின் நீங்கள் செய்ததைக் காட்டுங்கள். பிளக் பாயின்ட்களை அந்த மட்டத்துக்கு மேலே ஏற்றலாம். கழிவுநீர் எதிர்த்து வராமலிருக்க வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போடலாம். மீட்டர் பலகையையும் சம்ப் மூடியின் விளிம்பையும் உயர்த்த, குடியிருப்போர் சங்கத்தோடு பேசிச் செய்ய வேண்டும். இதெல்லாம் கண்ணெதிரே இருந்தால் பேரத்தில் விலை குறைவாகவே இறங்கும்.

கேள்வி: போட்டோ எடுப்பதற்கும் ஆட்களை வரச் சொல்வதற்கும் எது நல்ல நேரம்?

பதில்: உங்கள் கூடத்தில் வெயில் விழும் நேரம். கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் காலை 8 முதல் 10. போனைக் கிடைமட்டமாக, மார்பு உயரத்தில், அறையின் மூலையிலிருந்து பிடியுங்கள். மிக அகலமாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம், நேரில் வந்தவர் ஏமாற்றத்தோடு திரும்புவார். ஓர் அறையில் ஒரு பல்பு வெள்ளையாகவும் ஒன்று மஞ்சளாகவும் எரியக்கூடாது. வருவதற்கு அரை மணி முன் தொட்டியை நிரப்பி வையுங்கள். பலரும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். ரூம் ஸ்பிரே அடித்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்கள், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். பத்திரம், பட்டா நகல்களை விளம்பரத்தில் போடாதீர்கள். நேரில் வந்து, விலை பேசத் தயாராக இருப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.