ஏ.ஐ., சர்வே, சாட்பாட்: பணியிட உளவியல் கேள்வி பதில்

ஆள் எடுப்பது, ஊழியர் மனநலம், கவுன்சலிங் ஆகியவற்றில் புதுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வீடியோ இன்டர்வியூ சாப்ட்வேர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். முகபாவத்தைப் பார்த்து 'ஈடுபாடு', 'நேர்மை' என்று மதிப்பெண் போடுமாம். எச்.ஆர். தரப்பில் நான் என்ன சொல்லட்டும்?

வேண்டாம் என்று சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கலாம் என்ற அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது. உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 2019இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, முகத் தசைகளின் அசைவை மட்டும் வைத்து உணர்ச்சியை நம்பகமாகச் சொல்ல முடியாது என்றார்கள். கவனமாக யோசிக்கும்போதும் புருவம் சுருங்கத்தானே செய்கிறது? வீடியோ இன்டர்வியூவுக்குப் பேர்போன ஹயர்வியூ நிறுவனமே முக அலசலைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. பணியிடத்தில் உணர்ச்சியை ஊகிக்கும் ஏ.ஐ. கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து தடை போட்டிருக்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும்தான் விலக்கு.

வீடியோ என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்கூட்டியே எழுதி வைத்த மதிப்பீட்டு அளவுகோல், மதிப்பெண் போடுவது மனிதர் என்றால் தாராளமாக வாங்கலாம். இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணல் வேலைத் திறனை நன்றாகவே கணிக்கிறது. உளவியலாளர் பால் சாக்கெட்டின் ஆய்வுக் குழு 2022இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது தேர்வு முறைகளில் முதலிடம் பிடித்தது அதுதான்.

கேள்வி: ரெஸ்யூமே வடிகட்டும் ஏ.ஐ.யில் பெயரையும் பாலினத்தையும் நீக்கிவிட்டோம். இனி பாரபட்சம் வராதுதானே?

வரும். அமேசான் உள்ளுக்குள் உருவாக்கிப் பார்த்துக் கைவிட்ட கருவியைப் பற்றி 2018இல் செய்தி வந்தது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களை அதற்குப் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பாலினம் என்று தனிக் கட்டம் தேவைப்படவில்லை. 'மகளிர் செஸ் கிளப் தலைவி' போன்ற வரி இருந்தாலே மதிப்பெண் குறைந்தது. படித்த கல்லூரி, வேலையில் விழுந்த இடைவெளி எல்லாமே பாலினத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் உள்ளே போவதை மட்டும் பார்க்காமல் வெளியே வருவதை எண்ணுங்கள். 100 ஆண்களில் 50 பேர் தேறுகிறார்கள், 100 பெண்களில் 30 பேர்தான் என்றால் பெண்களின் தேர்ச்சி ஆண்களின் தேர்ச்சியில் 60 சதவீதம். அமெரிக்காவில் 1978 முதல் இருக்கும் 'ஐந்தில் நான்கு' விதிப்படி 80க்குக் கீழே போனாலே உற்றுப் பார்க்க வேண்டும். பாரபட்சம் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை, ஆனால் விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: மனநல சர்வே 'பெயர் தெரியாமல்' நடக்கிறது என்கிறார்கள். ஆனால் பதில் போடாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் மெயில் வருகிறதே, மேடம்?

நல்லாப் பிடித்தீர்கள். யார் போடவில்லை என்று சிஸ்டத்துக்குத் தெரிகிறது என்றால், யார் போட்டார்கள் என்றும் தெரியும். தனித்தனி லிங்க் அனுப்பியிருப்பார்கள். அதில் தவறில்லை, அதை வெளிப்படையாகச் சொல்லாததுதான் தவறு.

லிங்க் பொதுவாக இருந்தாலும் ஆள் அகப்படலாம். 40 பேர் வேலை செய்யும் கிளையில் 'கணக்குப் பிரிவு', 'பெண்', '10 ஆண்டுக்கு மேல் அனுபவம்' என்று மூன்று வடிகட்டியைத் தட்டினால் மிஞ்சுவது ஒரே ஒருவராக இருக்கலாம். இதைத் தடுக்க, ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைக் காட்டாதபடி பூட்டு வைப்பார்கள். அந்தப் பூட்டும் திறக்கும். 12 பேர் கொண்ட குழுவின் சராசரியும் தெரிகிறது, அதில் உள்ள 11 ஆண்களின் சராசரியும் தெரிகிறது என்று வையுங்கள். பெருக்கிக் கழித்தால் அந்த ஒரு பெண் கொடுத்த மதிப்பெண் வெளியே வந்துவிடும். அதற்கு மேதை தேவையில்லை, எக்செல் போதும்.

அப்புறம், 'உங்கள் கருத்தை எழுதுங்கள்' என்ற கட்டம். ஒரு டீமில் யார் எப்படி எழுதுவார் என்று மேனேஜருக்கு அத்துப்படி. நான் சர்வே நடத்தினால் அந்தக் கருத்துகளை அப்படியே மேலே அனுப்ப மாட்டேன். விஷயத்தைத் தொகுத்து என் வார்த்தையில் கொடுப்பேன். வடிகட்டும் வசதியையும் மேனேஜர் கையில் தர மாட்டேன். நிர்வாகம் முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் மவுஸ் அசைவைக் கண்காணித்தால் வேலை கூடுமா?

கூடுவது மவுஸ் அசைவு. கண்காணிப்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வந்த மெட்டா அனாலிசிஸில் செயல்திறன் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, மன அழுத்தம்தான் கூடியிருந்தது.

கேள்வி: கவுன்சலருக்குப் பதில் சாட்பாட் வைத்தால் செலவு குறையும் என்கிறது எங்கள் நிர்வாகம்.

தூக்கப் பழக்கம், மூச்சுப் பயிற்சி, எங்கே உதவி கேட்பது என்ற தகவல், இதற்கெல்லாம் வைக்கலாம். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 'நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி' என்று சுற்றி வளைத்து டைப் செய்து பாருங்கள். நள்ளிரவில் அது என்ன பதில் தருகிறது, எந்த மனிதருக்குத் தகவல் போகிறது என்று பாருங்கள். யாருக்கும் போகவில்லை என்றால் அது கவுன்சலருக்கு மாற்று ஆகாது. உரையாடலை நிறுவனம் படிக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

கேள்வி: அக்கா, நான் உளவியல் பயிற்சி மாணவி. ஊழியர்களுடன் பேசிய குறிப்புகளை ஏ.ஐ.யில் போட்டுச் சுருக்கலாமா?

இலவசச் சேவையில் போடாதே. பெயரை எடுத்தாலும் பதவி, பிரிவு, நடந்த சம்பவம் மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பயிற்சி இடம் அனுமதித்த கருவி இருந்து, பேசியவரும் ஒப்புக்கொண்டால் சரி. அப்போதும் முதல் சுருக்கத்தை நீயே எழுது. ஒருவர் அரை மணி நேரத்தில் 'எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல' என்று நான்கு முறை சொல்லியிருப்பார். கருவி அதை 'பிரச்சினை ஏதும் இல்லை எனத் தெரிவித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடும். நீ கவனிக்க வேண்டியது அந்த நான்கு முறையை.

கேள்வி: வீடியோவில் கவுன்சலிங் பலன் தருமா, நேரில்தான் வேண்டுமா?

மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு நேரில் பார்ப்பதற்கு ஏறக்குறைய இணையாகப் பலன் தருகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அறையில் தனியாக இருக்கிறீர்களா என்று முதலில் கேட்காத கவுன்சலரிடம் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். அலுவலக லேப்டாப்பிலோ அலுவலக வைஃபையிலோ பேசாதீர்கள். சொந்த போன், ஹெட்போன் போதும்.