இடம், நாள், நேரம்

அன்புள்ள ஐயா,

எழுபதைத் தாண்டியவன் நான். பள்ளி நாட்களில் பொதுக்கூட்டம் கேட்க மன்னார்குடிக்கு ஐந்து மைல் நடந்து போவோம். தலைவர் வந்து சேர இரவு பத்தரை ஆகும், உட்கார்ந்திருப்போம். என் பேரன் நாள் முழுக்க போனில் அரசியல் மீம் பகிர்கிறான். கிராம சபைக்கு வாடா என்றால், "அங்க என்ன தாத்தா நடக்கப் போகுது" என்கிறான். அரசியல் பேச்சு எதுகை மோனை விளையாட்டாகி, ஜனங்களை அரசியலிலிருந்தே விலக்கிவிட்டது என்று நினைக்கிறேன். சரிதானா?

ச., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

எதுகை மோனை மேல் பழியைப் போடாதீர்கள். நீங்கள் ஐந்து மைல் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்ற அந்தக் கால தி.மு.க. முழக்கம் இன்றைக்கு வந்திருந்தால் மீம்தான். அப்புறம், முதல் கால் மணி நேரம் "அவர்களே, அவர்களே" என்றே போகும் கூட்டங்களில் நானும் கொசுக்கடியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பேச்சில் நல்லது, கேட்டவர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தது. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றது. ஜெயித்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசி போட்டார்கள். மற்ற ஊர்க்காரர் "எங்களுக்கு எங்கே?" என்று கேட்க அந்த வரியே போதும், அதில் அளவு இருந்தது. கூட்டச் சுவரொட்டியும் அப்படித்தான். எவ்வளவு அலங்காரமாக அடித்தாலும் கீழே இடம், நாள், நேரம் இருக்கும்.

இப்போது வரும் ஃபார்வர்டில் அது கிடையாது. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்று இந்தியாவில் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்ப விடும் காட்சியை வெட்டியிருந்தார்கள். எந்த ஊர் என்றே தெரியாததால் எல்லா ஊருக்கும் பொருந்தியது. அந்த வருடம் மே மாதம், இதே மாதிரி வதந்தியால், போளூர் பக்கம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஜனங்கள் விலகிவிட்டதாகச் சொல்கிறீர்கள், அன்றைக்குத் திரளத்தானே செய்தார்கள்? ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது ஜூலையில்.

அதற்கு முந்தைய வருடம், 2017 ஜனவரியில், மெரினாவை நிரப்பியதும் இதே போன்தான். அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்களைப் போலீஸ் பிடித்துப் போனதும், 'மெரினாவுக்கு வா' என்று செய்தி பரவியது. இடம் தெரிந்தது, வந்தார்கள். உங்கள் பேரன் வயதுப் பிள்ளைகள் ராத்திரி பூரா செல்போன் வெளிச்சத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். 23ஆம் தேதி காலையில் போலீஸ் விரட்டியது, மாலையில் ஜல்லிக்கட்டை அனுமதித்து சட்டமன்றம் சட்டம் போட்டது.

கிராம சபைக்கு வருவோம். "அங்க என்ன நடக்கப் போகுது" என்று பேரன் கேட்டது நியாயமான கேள்வி. பல ஊர்களில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறது. அடுத்த முறை, அக்டோபர் 2 என்றே வைத்துக்கொள்வோம், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் நோட்டீஸைப் போட்டோ எடுத்து அவனிடம் கொடுங்கள். எரியாத தெருவிளக்கு எத்தனை, எந்த வாய்க்கால் தூர்வாரவில்லை என்று நீங்கள் சொல்லுங்கள், மீம் அவன் போடட்டும். எதுகை மோனையோடு போட்டாலும் சரி.