வாசகர் கேள்வி – பதில்: முதியோர், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள்

2019-ல் என் வீட்டை மூத்த மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்போது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
– 72 வயது வாசகி, தேனி

முடியலாம் அம்மா. ஆனால் நேராக சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் போட்டால் அது நிற்காது. போக வேண்டிய இடம் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான பராமரிப்புத் தீர்ப்பாயம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவில் மனு கொடுங்கள். பராமரிப்பேன் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிவிட்டுப் பராமரிக்கத் தவறினால், அந்தக் கைமாற்றத்தைச் செல்லாது என அறிவிக்க இப்பிரிவு வழிசெய்கிறது.

சிக்கல் அந்த 'நிபந்தனை'யில்தான். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அந்த வழக்கில் தாய்க்குக் கைகொடுத்தது, பத்திரத்தோடு மகன் தனியாக எழுதிக் கொடுத்திருந்த வாக்குறுதிச் சீட்டு. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரத்தில் 'அன்பும் பாசமும் கருதி' என்றிருந்தால் பராமரிப்பு அதற்குள் அடங்கிய நிபந்தனையே என்றது. உங்கள் பத்திரத்தின் முதல் பக்கத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

மனுவுக்கு முன் வில்லங்கச் சான்று எடுங்கள். மகன் வீட்டை விற்றிருந்தாலோ அடமானம் வைத்திருந்தாலோ வழக்கின் போக்கே மாறும். பத்திர நகல், வயதுச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள், மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பேச்சுவார்த்தைக்கு வந்த உறவினர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் சேருங்கள். கூடவே மாதப் பராமரிப்புத் தொகையும் கேளுங்கள். உச்சவரம்பு 10,000 ரூபாய். மூத்த மகனிடம் மட்டுமல்ல, மற்ற பிள்ளைகளிடமும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் பராமரிப்புத் தொகைக் கோரிக்கையைத் தீர்ப்பாயம் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். அதுவரை இடைக்காலத் தொகை கோரலாம். மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்று முடிவுசெய்தால், பராமரிப்பு நிபந்தனையையும் உங்கள் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'பிள்ளை மேல் நம்பிக்கை இல்லையா?' என்று பத்திர எழுத்தரே கேட்பார். கேட்கட்டும்.

விபத்தில் கால் பாதித்த அண்ணனுக்கு 32 சதவீதம் என்று சான்று கொடுத்துவிட்டார்கள். 40 இல்லாததால் எந்தச் சலுகையும் இல்லை. காதும் சரியாகக் கேட்காது. இரண்டையும் கூட்ட முடியாதா?
– வாசகர், விழுப்புரம்

கூட்டலாம், ஆனால் நேர்க்கூட்டல் அல்ல. பெரிய சதவீதம் அ, சிறியது ஆ என்றால், கணக்கு: அ + ஆ × (90 – அ) ÷ 90. கால் 32, காது 20 என்று வைத்துக்கொள்வோம். 20 × 58 ÷ 90 = 12.9. மொத்தம் ஏறக்குறைய 45. வரம்பைத் தாண்டிவிட்டார். எலும்பு மருத்துவர் காலை மட்டும்தான் பார்ப்பார். காதைப் பற்றி நீங்கள் சொல்லாவிட்டால் அது கணக்கில் ஏறாது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்து, பல்வகைக் குறைபாடாக மதிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள்.

கொடுத்த சதவீதமே தவறு என்று நினைத்தால் அது வேறு வழி: சான்று தேதியிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு. முகாமில் வரிசையில் நின்று மீண்டும் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 வயது முடிந்தது. பெற்றோர் கையெழுத்து செல்லாது என்கிறது வங்கி. பெற்ற எங்களுக்கே உரிமை இல்லையா?
– வாசகி, ஈரோடு

18 முடிந்ததும் இயல்பான பாதுகாவலர் என்ற உங்கள் தகுதி முடிந்துவிடுகிறது. வங்கி சொல்வது சரிதான். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்கீழ், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று பெறுங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து விண்ணப்பிப்பது நல்லது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கே இச்சட்டம். மனநோய்க்கு இது பொருந்தாது.

சான்று வாங்கியதோடு வேலை முடியாது. 6 மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் கணக்கு. உங்கள் காலத்துக்குப் பிறகு அண்ணனோ அக்காவோ தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். அவர்களும் அதே குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடச் சொன்னால் கொத்தனார் 'ஆறடி போதும்' என்கிறார். போதுமா?
– வாசகர், திருச்சி

போதாது. ஏற்றம் 1 என்றால் நீளம் 12. படி ஒன்று 6 அங்குலம் என்றால் மூன்றுக்கு 18 அங்குலம். சாய்தளம் 18 அடி. ஆறடியில் போட்டால் ஏற்றித் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். வாசலில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் 'ட' வடிவில் திருப்புங்கள்; திருப்பத்திலும் கதவு முன்னாலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் வேண்டும். அகலம் 4 அடி. இருபுறமும் சக்கரம் நழுவாதபடி சிறு விளிம்பு. கைப்பிடி 30 அங்குலத்தில் ஒன்று, 36-ல் ஒன்று. மேலே வழவழ டைல்ஸ் ஒட்டவே கூடாது. துடைப்பத்தால் கீறிய சிமென்ட் தரைதான் மழையில் வழுக்காது.

ரயில்வே பென்ஷன் வாங்கும் அப்பாவுக்கு 83 வயது. ஆயுள் சான்றுக்குக் கைரேகை பதியவில்லை.
– வாசகி, அரக்கோணம்

முகப்பதிவு போதும். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமான் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் பதியாது. 80 தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். எஸ்.எம்.எஸ். வந்தால் சான்று உருவாகிவிட்டது என்றுதான் பொருள். வங்கி ஏற்றதா என்று சில நாள் கழித்து ஜீவன் பிரமான் தளத்தில் பாருங்கள். நிராகரிக்கப்பட்டால் முதலில் பி.பி.ஓ. எண்ணையும் (பென்ஷன் ஆணை எண்) பென்ஷன் வழங்கும் வங்கியின் பெயரையும் சரிபாருங்கள். தாமதத்தால் பென்ஷன் நின்றிருந்தாலும், சான்று ஏற்கப்பட்டதும் நிலுவையோடு வந்துவிடும்.